லினக்ஸ் கேட்வேல பாக்கெட் எங்க காணாம போகுது? நாலு இடத்துல நின்னு பாத்து கண்டுபிடிக்கிற முழுமையான வழிகாட்டி

பழைய பிசி ஒன்னுல ரெண்டு லேன் கார்டு போட்டு, டெபியனோ உபுன்டுவோ ஏத்தி, ஆபீஸுக்கோ காலேஜ் லேபுக்கோ கேட்வேயா, அதாவது உள் நெட்வொர்க்குக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவுல நிக்கிற வாசலா, வெச்சிருக்கீங்க. கேட்வேல உக்காந்து 8.8.8.8க்கு (கூகுளோட சர்வர்) பிங் (உயிரோட இருக்கியான்னு கேக்குற சின்ன சோதனை) அடிச்சா அழகா பதில் வருது. பின்னாடி இருக்குற மெஷின்ல இருந்து அடிச்சா ஒன்னுமே வரல. இந்த நிலைமைல முக்கால்வாசி பேர் பண்றது என்னன்னா, எங்கயாவது கிடைக்கிற நாலு ஃபயர்வால் ரூலை எடுத்து ஒட்டுறது, சர்வீஸை ரீஸ்டார்ட் பண்றது, இன்னும் ரெண்டு ரூல் ஒட்டுறது. நானும் ஒரு ராத்திரி பூரா அதைத்தான் பண்ணேன். அன்னைக்கு நான் போட்ட முதல் மாஸ்கரேட் ரூலே (உள் மெஷினோட அட்ரஸை கேட்வேயோட வெளி அட்ரஸா மாத்துற ரூல்) சரியான ரூல்தான், ஆனா பக்கத்து மெஷின்ல ஒரு பிங்கை நிறுத்தாம ஓட விட்டிருந்தேன், அது கடைசி வரைக்கும் பதில் வராமலேயே ஓடிக்கிட்டு இருந்துச்சு, அதை நம்பி சரியான ரூலை அழிச்சுட்டு ரெண்டு மணி நேரம் வேற எங்கெங்கயோ தேடினேன். காரணம் என்னன்னு கீழ நேட் (இப்படி அட்ரஸை மாத்துற வேலை) பகுதில சொல்றேன். அன்னைல இருந்து ஒரே ஒரு பழக்கம் வெச்சிருக்கேன்: பாக்கெட் (நெட்வொர்க்ல போற டேட்டா துண்டு) எந்த இடம் வரைக்கும் வந்துச்சுன்னு கண்ணால பாக்காம எதையும் மாத்துறதில்லை.

கமாண்டை எல்லாம் உச்சரிப்புல தமிழ்லயே எழுதியிருக்கேன், டெர்மினல்ல அடிக்கும்போது அதையே இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுக்கோங்க. -என், -இ, -ஐ மாதிரி வர்றதெல்லாம் ஒரு இங்கிலீஷ் எழுத்தோட பேர். எல்லாமே ரூட்டா இருந்து, இல்ல சுடோ போட்டு ஓட்டணும். உதாரணத்துக்கு ஒரு செட்டப் வெச்சுக்கலாம். உள் பக்கம் லேன்0, அதோட ஐபி 192.168.10.1. வெளிப் பக்கம் வேன்0, ஐபி 192.168.1.2, அதுக்கு மேல இன்டர்நெட் கம்பெனி குடுத்த ஃபைபர் பாக்ஸ் 192.168.1.1. கிளையன்ட் மெஷின் 192.168.10.25. உங்க மெஷின்ல இன்டர்ஃபேஸ் பேர் வேற மாதிரி இருக்கும், ஐபி அட்ரஸ்னு அடிச்சு பாத்துக்கோங்க. ஒன்னு மட்டும் இப்பவே கவனிங்க, ரெண்டு பக்கமும் 192.168.1 னு ஒரே ரேஞ்ச் இருந்தா இந்த வழிகாட்டியே தேவையில்லை, முதல்ல உள் பக்கத்தை வேற ரேஞ்சுக்கு மாத்துங்க. ஃபைபர் பாக்ஸும் அதே ரேஞ்சுல இருக்குறது ரொம்ப சாதாரணமா நடக்குற விஷயம்.

பாக்கெட் போற பாதை

இது புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது, அதனால அவசரப்படாம படிங்க. கிளையன்ட் அனுப்பின பாக்கெட் லேன்0ல நுழைஞ்சு கர்னல் (லினக்ஸோட உள் மையம்) கைக்கு வந்ததும் முதல்ல அதைப் பாக்குறது டிசிபிடம்ப், அதாவது போற வர்ற பாக்கெட்டை திரையில காட்டுற கருவி. அதுக்கப்புறம்தான் ஃபயர்வாலோட ப்ரீரூட்டிங் கட்டம், அங்கயே கான்ட்ராக் (கனெக்ஷன்களை கணக்கு வெக்கிற பகுதி) இது புது கனெக்ஷனா பழசான்னு குறிச்சு வெக்கும். அடுத்தது ரூட்டிங் முடிவு, அதாவது இது எனக்கு வந்ததா, வேற எங்கயாவது தள்ளி விடணுமா, தள்ளி விட எனக்கு அனுமதி இருக்கா. தள்ளி விடணும்னா ஃபார்வர்ட் செயின் (செயின்னா வரிசையா சோதிக்கிற ரூல் பட்டியல்), அப்புறம் போஸ்ட்ரூட்டிங், அங்கதான் மாஸ்கரேட் நடக்கும். எல்லாம் முடிஞ்சு வேன்0 வழியா வெளிய போறதுக்கு முன்னாடி மறுபடியும் டிசிபிடம்ப் பாக்கும்.

இதுல இருந்து ரெண்டு விஷயம் தெரியுது. ஒன்னு, டிசிபிடம்ப் உள்ள வரும்போது ஃபயர்வாலுக்கு முன்னாடி நிக்குது, வெளிய போகும்போது ஃபயர்வாலுக்கும் நேட்டுக்கும் பின்னாடி நிக்குது. அதனால லேன்0ல தெரிஞ்சு வேன்0ல தெரியலன்னா, நடுவுல இருக்குற கர்னல்லதான் விழுந்திருக்கு. ரெண்டாவது, கேட்வேல இருந்தே நீங்க அடிக்கிற பிங் அவுட்புட் செயின் வழியா போகுது, ஃபார்வர்ட் செயினை அது தொடவே தொடாது, ஃபார்வர்டிங் (இந்த தள்ளி விடுற வேலை) ஆன்ல இருக்கா ஆஃப்ல இருக்கான்னு கூட அதுக்கு கவலை இல்லை. அதனால கேட்வேல பிங் வருதுங்கிறது ஃபார்வர்டிங்குக்கு எந்த சாட்சியும் இல்லை, வெளி லைன் உயிரோட இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். இதே காரணத்தால, கேட்வேக்கே வர்ற பாக்கெட்டை மட்டும் பாக்குற இன்புட் செயின்ல எத்தனை அக்செப்ட் ரூல் போட்டாலும் கிளையன்டுக்கு நெட் வராது.

படி 1: கிளையன்ட் பக்கம்

இதை சீக்கிரம் முடிச்சுடலாம். கிளையன்ட்ல இருந்து 192.168.10.1க்கு பிங் போகுதா? கிளையன்டோட டீஃபால்ட் கேட்வே அதேதானா? மாஸ்க் (லேனோட ரேஞ்ச் எவ்வளவு பெருசுன்னு சொல்ற எண்) 24தானா? மாஸ்க் தப்பா 16னு இருந்தா அந்த மெஷின் 192.168.1.1ஐ பக்கத்து வீடுன்னு நெனச்சு நேரா ஏஆர்பி (இந்த ஐபி யார்கிட்ட இருக்குன்னு லேன்ல கேக்குற கேள்வி) கேட்டுக்கிட்டே இருக்கும், கேட்வேகிட்ட குடுக்கவே குடுக்காது. அப்புறம் எல்லா சோதனையையும் ஐபி நம்பர் வெச்சே பண்ணுங்க. சைட் பேர் போட்டு டெஸ்ட் பண்ணா டிஎன்எஸ் (பேரை ஐபி நம்பரா மாத்துறது) பிரச்சனையும் ரூட்டிங் பிரச்சனையும் ஒன்னோட ஒன்னு கலந்துடும், பிரிக்க முடியாது.

படி 2: நாலு இடத்துல நின்னு பாருங்க

கிளையன்ட்ல 8.8.8.8க்கு பிங்கை ஓட விடுங்க. கேட்வேல ரெண்டு டெர்மினல் திறந்து ஒன்னுல

டிசிபிடம்ப் -என் -இ -ஐ லேன்0 ஐசிஎம்பி ஆர் ஏஆர்பி

இன்னொன்னுல அதையே வேன்0க்கு ஓட்டுங்க. பிங்கோட ஒரு சுற்றுக்கு நாலு இடம் இருக்கு: லேன்0ல உள்ள வருது, வேன்0ல வெளிய போகுது, வேன்0ல பதில் உள்ள வருது, லேன்0ல பதில் வெளிய போகுது. எந்த இடத்துல முதல் தடவையா காணலையோ அதுக்கு முந்தின துண்டுலதான் கோளாறு. ஏஆர்பியையும் ஃபில்டர்ல சேர்த்ததுக்கு காரணம் இருக்கு. சில நேரம் கர்னல் ஒழுங்கா ஃபார்வர்ட் பண்ணிடும், ஆனா அடுத்த ஹாப்போட (பாக்கெட் அடுத்து போக வேண்டிய மெஷின்) மேக் அட்ரஸ் (லேன் கார்டோட சொந்த நம்பர்) கிடைக்காம யாருகிட்ட இருக்குன்னு ஏஆர்பி கேட்டுக்கிட்டே நிக்கும், ஐசிஎம்பி (பிங் போற வகை) மட்டும் ஃபில்டர் பண்ணா அது தெரியாம ஃபயர்வால்ல போய் மண்டையை உடைச்சுக்குவீங்க.

லேன்0லயே பாக்கெட் வரலன்னா கேபிள், சுவிட்ச், விலேன் (சுவிட்ச்ல நெட்வொர்க்கை பிரிக்கிற செட்டிங்), கிளையன்ட் செட்டிங், இவ்வளவுதான். கேட்வேயை தொடாதீங்க.

லேன்0ல தெரியுது ஆனா வேன்0ல ஒன்னுமே இல்லன்னா கேட்வேக்கு உள்ள. படி 3, 4 உங்களுக்குத்தான். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம், -இ ஆப்ஷன் காட்டுற மேக் அட்ரஸைப் பாருங்க. டிசிபிடம்ப் கார்டை ப்ரோமிஸ்குவஸ் மோடுக்கு மாத்திடும், அதனால உங்களுக்கு வராத பாக்கெட்டையும் காட்டும். போற மேக் அட்ரஸ் லேன்0வோட மேக் இல்லன்னா அந்த பாக்கெட்டை கர்னல் சத்தமில்லாம தூக்கிப் போட்டுடும், திரையில பாக்கெட் தெரியும், உள்ள போகாது. 192.168.10.1ங்கிற ஐபியை வேற ஏதாவது டிவைஸும் வெச்சிருந்தா, இல்ல பழைய கேட்வேயோட மேக் கிளையன்ட் கேஷ்ல ஒட்டிக்கிட்டு இருந்தா இப்படி நடக்கும்.

வேன்0ல வெளிய போகுது ஆனா சோர்ஸ் இன்னும் 192.168.10.25னே இருக்குன்னா நேட் நடக்கல. படி 5. சோர்ஸ் 192.168.1.2னு மாறிப் போகுது ஆனா பதில் வரலன்னா கோளாறு உங்களுக்கு மேல இருக்கு, இல்ல மேல இருக்குற பாக்ஸ் உங்க பழைய மேக்கை ஞாபகம் வெச்சிருக்கு, கேட்வே மெஷினையே மாத்தின அன்னைக்கு இது அடிக்கடி வரும், அந்த பாக்ஸை ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாகும். பதில் வேன்0 வரைக்கும் வந்து லேன்0க்கு போகலன்னா திரும்பி வர்ற பாதைல ஃபயர்வால் தடுக்குது. லேன்0லயும் போயிடுச்சு, கிளையன்ட் மட்டும் பாக்கலன்னா அந்த மெஷினோட ஃபயர்வாலையோ வைஃபை ஐசோலேஷனையோ பாருங்க.

டிடிஎல்லையும் (ஒவ்வொரு ரவுட்டரை தாண்டும்போதும் ஒன்னு குறையற எண்) கவனிங்க, -வி போட்டா தெரியும். லினக்ஸ் கிளையன்ட் 64ல அனுப்பினா வேன்0ல அது 63னு வெளிய போகணும். அந்த ஒன்னு குறைஞ்சிருந்தா உங்க கர்னல் உண்மையிலேயே ரவுட்டர் வேலை பாத்திருக்குன்னு அர்த்தம்.

படி 3: கேட்வேக்கு உள்ள, ஃபயர்வாலுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

முதல் கேள்வி ஃபார்வர்டிங் ஆன்ல இருக்கா.

சிஸ்சிடிஎல் நெட்.ஐபிவி4.ஐபி_ஃபார்வர்ட்

பதில் 1னு வரணும். லினக்ஸ் கர்னல்ல இது டீஃபால்ட்டா 0. ஆனா 1னு வந்துட்டா நிம்மதியாகிடாதீங்க, ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் தனியா ஒரு ஃபார்வர்டிங் வேல்யூ இருக்கு, பாக்கெட் எந்த இன்டர்ஃபேஸ்ல நுழையுதோ அதோட வேல்யூவைத்தான் கர்னல் பாக்கும். நெட்.ஐபிவி4.கான்ஃப்.லேன்0.ஃபார்வர்டிங் என்ன சொல்லுதுன்னும் பாத்துடுங்க.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச கமாண்ட், இது தெரியாம பல வருஷம் வீணாக்கிட்டேன்னு இப்பவும் வருத்தம் உண்டு:

ஐபி ரூட் கெட் 8.8.8.8 ஃப்ரம் 192.168.10.25 ஐஐஎஃப் லேன்0

இது என்ன பண்ணுதுன்னா, 192.168.10.25ல இருந்து லேன்0 வழியா ஒரு பாக்கெட் வந்தா நீ என்ன முடிவு எடுப்பன்னு கர்னலையே நேரா கேக்குது. வெறும் ஐபி ரூட் கெட் 8.8.8.8னு கேட்டா கேட்வே தானே அனுப்புற பாக்கெட்டுக்கான பதில்தான் வரும், அது உங்களுக்கு உதவாது. ஃப்ரம், ஐஐஎஃப் ரெண்டும் சேர்த்து கேக்கணும். வழி சரியா இருந்தா 192.168.1.1 வழியா வேன்0னு சொல்லும். ஃபார்வர்டிங் ஆஃப்ல இருந்தா 'நோ ரூட் டு ஹோஸ்ட்'னு வரும், டீஃபால்ட் ரூட் இருக்கும்போதும் அப்படித்தான் சொல்லும், அதைப் பாத்து ரூட்டிங் டேபிளை நோண்டாதீங்க. 'இன்வாலிட் கிராஸ் டிவைஸ் லிங்க்'னு வந்தா அது ஆர்பி_ஃபில்டரோட வேலை.

ஆர்பி_ஃபில்டர்னா, ஒரு பாக்கெட் வந்ததும் கர்னல் திருப்பி யோசிச்சுப் பாக்கும்: இந்த சோர்ஸ் அட்ரஸுக்கு நான் பதில் அனுப்பணும்னா இதே இன்டர்ஃபேஸ் வழியாத்தான் அனுப்புவேனா? இல்லன்னா பொய் அட்ரஸ்னு தூக்கிப் போட்டுடும். 0னா சோதனை இல்லை, 1னா கண்டிப்பான சோதனை, 2னா ஏதாவது ஒரு இன்டர்ஃபேஸ் வழியா போக முடிஞ்சா போதும். ரெண்டு இன்டர்நெட் லைன் இருக்குற இடத்துலயும் விபிஎன் இருக்குற இடத்துலயும் இது 1ல இருந்தா நல்ல பாக்கெட்டும் செத்துப் போகும், ஒரு லாக் கூட வராது. இங்க எல்லாரும் சறுக்குற ஒரு இடம் இருக்கு: கான்ஃப்.ஆல் வேல்யூ, கான்ஃப்.லேன்0 வேல்யூ ரெண்டுல எது பெருசோ அதுதான் செல்லும். லேன்0க்கு 0 போட்டுட்டு ஆல்ல 1 விட்டுட்டா 1தான் ஓடும். விழுதான்னு எண்ணிப் பாக்க

என்ஸ்டாட் -ஏஇசட் டிசிபிஎக்ஸ்ட்ஐபிரிவர்ஸ்பாத்ஃபில்டர்

அந்த எண் கூடிக்கிட்டே போனா ஆள் மாட்டிக்கிட்டான். லாக்ல பாக்கணும்னா லாக்_மார்ஷியன்ஸை 1 ஆக்குங்க, கர்னல் லாக்ல 'மார்ஷியன் சோர்ஸ்'னு வரி வரும். அந்த வரில ரெண்டு ஐபி இருக்கும், முதல்ல இருக்குறது போற அட்ரஸ், ஃப்ரம்க்கு பின்னாடி இருக்குறதுதான் அனுப்பினவரோட அட்ரஸ். படிக்கும்போது மாத்திப் புரிஞ்சுக்காதீங்க.

சரி பண்ணும்போது 1ஐ 0 ஆக்குறதை விட 2 ஆக்குங்க.

படி 4: ஃபயர்வால்

ரூட் கெட் சரியா பதில் சொல்லுது, ஆனாலும் வேன்0ல பாக்கெட் வரலன்னா ஃபார்வர்ட் செயின்தான். முழு ரூலையும் ஒரே இடத்துல பாக்க

என்எஃப்டி லிஸ்ட் ரூல்செட்

ஐபிடேபிள்ஸ்ங்கிற பழைய ஃபயர்வால் கமாண்ட் பழகினவங்க அதுலயே பாத்து முடிச்சுடுவாங்க, அது போதாது. இப்போ வர்ற டிஸ்ட்ரோல ஐபிடேபிள்ஸ் கமாண்ட் உள்ளுக்குள்ள என்எஃப்டேபிள்ஸ்லதான் (இப்போ இருக்குற ஃபயர்வால், அதோட கமாண்ட்தான் என்எஃப்டி) எழுதுது, அதோட யுஎஃப்டபிள்யூ, ஃபயர்வால்டி மாதிரி ஃபயர்வால் சாஃப்ட்வேர், டாக்கர், விபிஎன் சாஃப்ட்வேர்னு ஆளாளுக்கு ரூல் எழுதுவாங்க. பழைய லெகசி ஐபிடேபிள்ஸ்ல எழுதின ரூல் என்எஃப்டி லிஸ்ட்ல தெரியவே தெரியாது, ஐபிடேபிள்ஸ்-லெகசி-சேவ்னு தனியா ஓட்டிப் பாக்கணும். ரெண்டுலயும் ரூல் இருந்தா ரெண்டுமே வேலை செய்யும், ரெண்டையும் தாண்டினாத்தான் பாக்கெட் வெளிய போகும்.

இதை விட முக்கியமானது ஒன்னு. என்எஃப்டேபிள்ஸ்ல ஃபார்வர்ட் ஹூக்குல (பாக்கெட் பாதைல செயினை மாட்டுற இடம்) எத்தனை பேஸ் செயின் (அப்படி நேரா மாட்டின செயின்) வேணும்னாலும் இருக்கலாம். ஒரு செயின்ல அக்செப்ட் ஆனா அந்த செயினுக்கு மட்டும்தான் அக்செப்ட், அடுத்த ப்ரையாரிட்டில (வரிசை எண்) இருக்குற செயின் மறுபடி சோதிக்கும். டிராப் மட்டும் உடனே முடிவு. அதனால உங்க டேபிள்ல அக்செப்ட் ரூல் அழகா எழுதி, கவுன்ட்டரும் ஏறி, பாக்கெட் மட்டும் வெளிய போகலன்னா, இன்னொரு டேபிள்ல பாலிசி டிராப்னு (எந்த ரூலும் பொருந்தலன்னா தூக்கிப் போடு) ஒரு ஃபார்வர்ட் செயின் இருக்கும், தேடுங்க. இதை ஒத்துக்கவே எனக்கு ரொம்ப நாள் ஆச்சு, ஏன்னா பழைய ஐபிடேபிள்ஸ்ல அக்செப்ட்னா அந்த டேபிள்ல கதை முடிஞ்சுதுன்னு பழகிட்டோம்.

யார் யார் டிராப் வெக்கிறாங்கன்னு தெரிஞ்சு வெச்சுக்கோங்க. யுஎஃப்டபிள்யூ ஃபார்வர்டுக்கு டீஃபால்ட்டா டிராப்தான், யுஎஃப்டபிள்யூ அலவ்னு போட்டா அது இன்புட்டுக்கு, ஃபார்வர்டுக்கு யுஎஃப்டபிள்யூ ரூட் அலவ்னு ரூட்ங்கிற சொல் சேர்த்து போடணும். டாக்கர் ஸ்டார்ட் ஆகும்போது ஐபி ஃபார்வர்டிங் ஆஃப்ல இருந்தா தானே ஆன் பண்ணிட்டு, ஃபார்வர்ட் பாலிசியை டிராப்னு வெச்சுடும். பாதுகாப்புக்காக பண்றதுதான், தப்பில்லை. ஆனா ஃபார்வர்டிங்கை ஆன் பண்றதுக்கு முன்னாடியே கேட்வேல டாக்கர் இன்ஸ்டால் பண்ணி, இது தெரியலன்னா லேன்ல யாருக்கும் நெட் வராது. உங்க ரூலை டாக்கர்-யூசர் செயின்ல போடுங்க, மத்த டாக்கர் செயினை தொட்டா அடுத்த ரீஸ்டார்ட்ல போயிடும்.

நான் எழுதுற ஃபார்வர்ட் செயின்ல ரெண்டே அக்செப்ட்தான் இருக்கும்: எஸ்டாப்ளிஷ்ட் (ஏற்கனவே ஓடுறது), ரிலேட்டட் (அதோட சம்பந்தப்பட்டது) கனெக்ஷனை விடு, லேன்0ல நுழைஞ்சு வேன்0ல போறதை விடு. மத்தது பாலிசி டிராப். முதல் ரூல் இல்லன்னா பாக்கெட் வெளிய போகும், பதில் வேன்0ல வந்து அப்படியே செத்துடும், படி 2ல சொன்ன மூணாவது இடத்துக்கும் நாலாவது இடத்துக்கும் நடுவுல காணாம போற கேஸ் இதுதான். ரிலேட்டட்ங்கிறதை விட்டுட்டா ஐசிஎம்பி எரர் வராது, அதோட விளைவை படி 7ல, எம்டியு (ஒரு பாக்கெட் எவ்வளவு பெருசா இருக்கலாம்ங்கிற அளவு) பகுதில பாப்பீங்க. ரெண்டு ரூலுக்கும் கவுன்ட்டர்ங்கிற சொல்லை சேர்த்துக்கோங்க, என்எஃப்டேபிள்ஸ்ல நீங்க கேக்காம அது எண்ணாது.

கண்ணால பாத்தும் புரியலன்னா ட்ரேஸ் போடுங்க. ப்ரீரூட்டிங் ஹூக்குல, ஃபயர்வாலோட மத்த செயினுக்கு முன்னாடி, ப்ரையாரிட்டி -350னு ஒரு சின்ன செயின் உண்டாக்கி அதுல

ஐபி எஸ்ஏடிடிஆர் 192.168.10.25 ஐசிஎம்பி டைப் எக்கோ-ரிக்வெஸ்ட் மெட்டா என்எஃப்ட்ரேஸ் செட் 1

இப்போ இன்னொரு டெர்மினல்ல என்எஃப்டி மானிட்டர் ட்ரேஸ்னு ஓட்டினா அந்த பாக்கெட் எந்த டேபிள், எந்த செயின், எந்த ரூல்ல போச்சு, யார் டிராப் பண்ணாங்கன்னு வரி வரியா கொட்டும். டிராப்னு வர்ற கடைசி வரிதான் உங்க பதில். முடிஞ்சதும் அந்த ட்ரேஸ் செயினை அழிச்சுடுங்க, பிஸியான கேட்வேல அதை விட்டு வெச்சா தேவையில்லாத பாரம்.

படி 5: நேட், அந்த ராத்திரி நடந்தது

மாஸ்கரேட் ரூல் போஸ்ட்ரூட்டிங்ல, வெளிய போற இன்டர்ஃபேஸ் வேன்0னு குறிச்சு இருக்கணும். லேன்0னு குறிச்சா ஒன்னும் நடக்காது. பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்ட் குடுத்து கனெக்ட் ஆகுற முறை) டயல் பண்ற லைன்னா வெளிய போறது பிபிபி0, அடியில இருக்குற லேன் கார்டு பேரை எழுதினா ரூல் எப்பவும் மேட்ச் ஆகாது, இதை நிறைய பேர்கிட்ட பாத்திருக்கேன்.

இப்போ அந்த பிங் கதை. நேட் ரூலை ஒரு கனெக்ஷனோட முதல் பாக்கெட்டுக்கு மட்டும்தான் கர்னல் பாக்கும். அந்த முடிவை கான்ட்ராக் டேபிள்ல எழுதி வெச்சுட்டு, பின்னாடி வர்ற பாக்கெட்டுக்கெல்லாம் அதையே திருப்பிப் பண்ணும். நான் மாஸ்கரேட் போடுறதுக்கு முன்னாடியே பிங் ஓடிக்கிட்டு இருந்ததால, நேட் இல்லாம போகணும்னு பதிவாகிடுச்சு. ஐசிஎம்பிக்கு அந்தப் பதிவோட ஆயுசு 30 செகண்ட், ஆனா பிங் ஒவ்வொரு செகண்டும் போய் அதை புதுப்பிச்சுக்கிட்டே இருக்கு, அதனால பிங்கை நிறுத்துற வரைக்கும் புது ரூல் அதுக்கு கண்ணுல படவே படாது. டிசிபிக்கு இன்னும் மோசம், எஸ்டாப்ளிஷ்ட் கனெக்ஷனோட ஆயுசு டீஃபால்ட்டா 432000 செகண்ட், அதாவது 5 நாள். அதனால நேட் ரூலை மாத்தின ஒவ்வொரு தடவையும் டெஸ்ட் பிங்கை நிறுத்தி புதுசா ஆரம்பிங்க, இல்லன்னா

கான்ட்ராக் -டி -எஸ் 192.168.10.25

னு அந்த கிளையன்டோட பதிவுகளை மட்டும் அழிங்க (டி பெரிய எழுத்து, எஸ் சின்ன எழுத்து). மொத்த டேபிளையும் அழிக்காதீங்க, ஆபீஸ்ல ஓடிக்கிட்டு இருக்குற எல்லாருடைய கனெக்ஷனும் அறுந்துடலாம். கான்ட்ராக் -எல் போட்டு பாத்தா (இதுவும் பெரிய எழுத்து) ஒவ்வொரு வரிலயும் போற பக்கம் ஒரு ஜோடி, திரும்பி வர்ற பக்கம் ஒரு ஜோடி ஐபி இருக்கும். திரும்பி வர்ற ஜோடில 192.168.1.2 இருந்தா நேட் நடந்திருக்கு, 192.168.10.25னே இருந்தா நடக்கல.

நேட்டே வேண்டாம், சுத்தமான ரூட்டிங்தான்னா, மேல இருக்குற ரவுட்டர்ல 192.168.10.0/24 வேணும்னா 192.168.1.2கிட்ட குடுன்னு ஒரு ஸ்டேட்டிக் ரூட் இருந்தே ஆகணும். போற வழியை மட்டும் யோசிச்சு திரும்பி வர்ற வழியை மறக்குறது இந்த வேலைல அடிக்கடி நடக்குற தப்பு.

படி 6: ரெண்டு லைன், விபிஎன், கிளவுட்

ரெண்டு இன்டர்நெட் லைன் இருந்தா ஐபி ரூல்னு அடிச்சுப் பாருங்க. 32766ல இருக்குற மெயின் டேபிளுக்கு முன்னாடி வேற ரூல் ஏதாவது இருந்தா, நீங்க ஐபி ரூட்னு பாக்குற டேபிளை கர்னல் பாக்காமலேயே போகலாம். ஐபி ரூட் ஷோ டேபிள் ஆல்னு எல்லாத்தையும் பாருங்க. ஃபயர்வால் மார்க் வெச்சு பிரிக்கிறீங்கன்னா ரூட் கெட் கமாண்ட் கடைசில மார்க் 1னு சேர்த்து கேளுங்க, மார்க் இல்லாம கேட்டா வேற பதில் வரும்.

வயர்கார்ட் விபிஎன்ல அலவ்ட்ஐபிஸ் வெறும் ரூட் லிஸ்ட் இல்லை, அதுவே வாசல் காவலும் கூட. எதிர் முனைல உங்க பியருக்கு (அந்தப் பக்க செட்டிங்ல உங்க கேட்வேக்கான பதிவு) 192.168.10.0/24 சேர்க்கலன்னா, உங்க லேன்ல இருந்து போற பாக்கெட்டை அந்த முனை அவுத்துப் பாத்துட்டு சோர்ஸ் அனுமதி இல்லன்னு சத்தமில்லாம போட்டுடும்.

கிளவுட்ல கேட்வே வெச்சிருந்தா மெஷினுக்கு உள்ள எல்லாம் சரியா இருந்தும் வெளிய இருந்து தடுப்பாங்க. அமேசான்ல இன்ஸ்டன்ஸோட சோர்ஸ் டெஸ்டினேஷன் செக்கை ஆஃப் பண்ணணும், அஸூர்ல நெட்வொர்க் கார்டுக்கு ஐபி ஃபார்வர்டிங்னு தனி சுவிட்ச், கூகுள் கிளவுட்லயும் அதே மாதிரி விஎம்முக்கு ஐபி ஃபார்வர்டிங் அனுமதி வேணும்.

படி 7: பிங் போகுது, சைட் திறக்கல

இது தனி வகை. பிங் வருது, டிஎன்எஸ் வருது, சில சைட் திறக்குது, சிலது சுத்திக்கிட்டே நிக்குது, எஸ்எஸ்எச் கீ எக்ஸ்சேஞ்ச்ல தொங்குது. கேட்வேல இருந்து மட்டும் எல்லாம் நல்லா இருக்கு. இது கிட்டத்தட்ட எப்பவுமே எம்டியுதான்.

பிபிபிஓஇ ஒவ்வொரு பாக்கெட்லயும் 8 பைட் எடுத்துக்கும், அதனால 1500 போய் 1492 ஆகும். வயர்கார்ட் டீஃபால்ட்டா 1420. கேட்வேக்கு தன் இன்டர்ஃபேஸோட அளவு தெரியும், அதனால அது சின்னதா அனுப்பும், பின்னாடி இருக்குற கிளையன்டுக்கு 1500தான் தெரியும். எதிர்ல இருக்குற சர்வர் முழு அளவு பாக்கெட்டை பிரிக்கக் கூடாதுன்னு குறிச்சு அனுப்பும்போது வழில அது அடைச்சுக்கும், 'பெருசா இருக்கு, குறைச்சு அனுப்பு'னு சொல்ற ஐசிஎம்பி மெசேஜை யாராவது ஃபயர்வால்ல தடுத்திருந்தா சர்வருக்கு விஷயமே தெரியாது. சோதிக்க கிளையன்ட்ல

பிங் -எம் டூ -எஸ் 1464 8.8.8.8

எம் பெரிய எழுத்து, டூங்கிறது நம்பர் இல்லை, டி ஓ. 1464 கூட ஹெடர் 28 சேர்ந்தா 1492. இது வந்து, 1465 வரலன்னா உங்க பாதையோட அளவு 1492னு உறுதி. தீர்வு ஃபார்வர்ட் செயின்ல எம்எஸ்எஸ் கிளாம்ப், அதாவது டிசிபி கனெக்ஷன் தொடங்கும்போதே பாக்கெட் அளவை குறைச்சு சொல்ல வெக்கிறது:

டிசிபி ஃப்ளாக்ஸ் சின் டிசிபி ஆப்ஷன் மேக்ஸெக் சைஸ் செட் ஆர்டி எம்டியு

சின்ங்கிறது எஸ் ஒய் என், கனெக்ஷனை தொடங்குற பாக்கெட், சின்-ஆக் அதுக்கு வர்ற பதில். இந்த ரூல் ஃபார்வர்ட் செயின்ல எஸ்டாப்ளிஷ்ட் அக்செப்டுக்கு முன்னாடி இருக்கணும், இல்லன்னா திரும்பி வர்ற சின்-ஆக் அதைத் தொடாம தாண்டிடும். ஐசிஎம்பியை மொத்தமா தடுக்குற ரூல் உங்ககிட்ட இருந்தா தயவு செஞ்சு எடுத்துடுங்க, அது பாதுகாப்பு இல்லை, நெட்வொர்க்கோட வாயை அடைக்கிறது.

டிசிபிடம்ப்ல எம்டியுவை விட பெரிய பாக்கெட், 2900, 4000 பைட்னு தெரிஞ்சா பதறாதீங்க. கார்டும் கர்னலும் சேர்ந்து சின்ன பாக்கெட்டை ஒட்டி ஒன்னாக்கி வேகமா கையாளுறாங்க, வயர்ல போகும்போது சின்னதாவேதான் போகும்.

படி 8: ஐபிவி6

இதுல ஒரே ஒரு பொறி, ஆனா எல்லாரும் விழுற பொறி. நெட்.ஐபிவி6.கான்ஃப்.ஆல்.ஃபார்வர்டிங்கை 1 ஆக்கின உடனே கர்னல் தன்னை ரவுட்டர்னு நெனச்சுக்கிட்டு, மேல இருந்து வர்ற ரவுட்டர் அறிவிப்பை ஏத்துக்கிறதை நிறுத்திடும். அந்த அறிவிப்புலதான் உங்க டீஃபால்ட் ரூட் வந்துச்சு, அதனால கொஞ்ச நேரம் ஓடி, ரூட் காலாவதி ஆனதும் ஐபிவி6 செத்துடும். வேன்0வோட அக்செப்ட்_ஆர்ஏவை 2 ஆக்குங்க, ஃபார்வர்டிங் இருந்தாலும் ஏத்துக்கோன்னு அர்த்தம்.

படி 9: இதுக்கு மேலயும் பிடிபடலன்னா

நல்லா ஓடிட்டு இருந்தது சாயங்கால நேரத்துல மட்டும் புது கனெக்ஷன் எடுக்க மாட்டேங்குதுன்னா டிமெசேஜ் (கர்னல் லாக்கை காட்டுற கமாண்ட், எழுத்து டி எம் இ எஸ் ஜி) பாருங்க, 'என்எஃப்_கான்ட்ராக் டேபிள் ஃபுல், டிராப்பிங் பாக்கெட்'னு இருக்கும். கான்ட்ராக்_கவுன்ட், கான்ட்ராக்_மேக்ஸ் ரெண்டையும் ஒப்பிட்டு மேக்ஸை ஏத்துங்க, ஆனா எந்த மெஷின் அவ்வளவு கனெக்ஷன் திறக்குதுன்னும் பாருங்க, வைரஸ் பிடிச்ச மெஷினா கூட இருக்கலாம்.

என்ஸ்டாட்ல ஐபிஃபோர்டேட்டாகிராம்ஸ் எண் ஏறுதான்னு பாருங்க, ஏறினா ஃபார்வர்டிங் நடக்குது. கடைசி ஆயுதம் கர்னலோட கேஎஃப்ரீ_எஸ்கேபி ட்ரேஸ்பாயின்ட் (கர்னல் பாக்கெட்டை தூக்கிப் போடும்போது பதிவு பண்ற இடம்), கர்னல் 5.17ல இருந்து பாக்கெட்டை ஏன் போட்டேன்னு காரணமும் சேர்த்து சொல்லுது, அடுத்தடுத்த வெர்ஷன்ல காரணங்கள் கூடிக்கிட்டே வந்திருக்கு. பெர்ஃப்ங்கிற கருவி வெச்சு அதைப் பதிவு பண்ணா நெட்ஃபில்டர் டிராப், ஆர்பிஃபில்டர், நெய்பர் ஃபெயில்னு பேரோட வரும். புது கர்னல் வெச்சிருந்தா இதையே முதல்ல போட்டுப் பாத்தாலும் தப்பில்லை.

ரீபூட்டுக்கு அப்புறமும் நிக்கணும்

கையால சிஸ்சிடிஎல்ல மாத்தினது கரண்ட் போய் வந்தா போயிடும். ஈடிசிக்கு கீழ சிஸ்சிடிஎல்.டி ஃபோல்டர்ல, பேர் .கான்ஃப்னு முடியற ஃபைல்ல எழுதுங்க. டெபியன் 13ல இருந்து பழைய சிஸ்சிடிஎல்.கான்ஃப் ஃபைலை பூட் ஆகும்போது படிக்கிறதில்லை, அப்கிரேடு பண்ண அடுத்த நாள் லேன் படுத்தா முதல்ல இதைப் பாருங்க. ஃபைல்ல ஐபி_ஃபார்வர்ட் வரியை மேல எழுதி மத்ததை அதுக்கு கீழ எழுதுங்க, ஏன்னா அதை மாத்தும்போது வேற சில நெட்வொர்க் செட்டிங் டீஃபால்ட்டுக்கு திரும்பிடும். ஃபயர்வால் ரூலை என்எஃப்டேபிள்ஸ்.கான்ஃப்ல சேவ் பண்ணி, என்எஃப்டேபிள்ஸ் சர்வீஸை எனேபிள் பண்ணுங்க.

அப்புறம் ஆபீஸ் ஆள் இல்லாத நேரம் பாத்து ஒருமுறை உண்மையிலேயே ரீபூட் பண்ணி, கிளையன்ட்ல இருந்து புது பிங் அடிச்சுப் பாருங்க. வந்துச்சுன்னா அப்பவே ஐபி அட்ரஸ், ஐபி ரூல், ஐபி ரூட் ஷோ டேபிள் ஆல், என்எஃப்டி லிஸ்ட் ரூல்செட், சிஸ்சிடிஎல் -ஏ, இந்த அஞ்சோட அவுட்புட்டையும் ஒரே ஃபைல்ல தேதி போட்டு சேவ் பண்ணி கேட்வேல ஒன்னும் உங்க லேப்டாப்ல ஒன்னும் வெச்சுக்கோங்க, அடுத்த தடவை நெட் போகும்போது அதே அஞ்சையும் மறுபடி எடுத்து டிஃப் போட்டா என்ன மாறியிருக்குன்னு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.